பெட்டூனியா கேஜும் பெண்டாட்டிக்குக் கொடுத்த சார்ஜ் ஷீட்டும்

ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி

மரியாதைக்குரிய பெரிய மச்சான் தேவா அவர்களுக்கு,

தங்கள் தங்கை நாகம்மாவின் புருஷன் சித்தார்த்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நமோ புத்தாய. தாங்களும் வீட்டில் உள்ள அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். வழக்கம்போல 'நாங்கள் நலம்' என்று எழுதத்தான் கை போனது. ஆனால் எங்கள் வீட்டு நலத்தில் பாதி, சனிக்கிழமை காலையிலிருந்து பேத்தமங்களாவில் உங்கள் வீட்டில் இருக்கிறபடியால், அந்தப் பாதியைப் பற்றி நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாளா, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா, என் பேச்சை எடுத்தாளா, எடுத்தால் எந்தக் குரலில் எடுத்தாள் என்கிற விவரங்களைத் தெரிவிக்கவும்.

இதைப் போனில் கேட்கலாமே என்பீர்கள். ஐந்து தடவை போட்டேன். ஐந்து தடவையும் உங்கள் போனை எடுத்தது நாகம்மா. "அண்ணன் தோட்டத்துல கீறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். காலை ஏழு மணிக்கும் தோட்டம், மத்தியானம் ஒரு மணிக்கும் தோட்டம். எழுபத்தோரு வயதில் நீங்கள் அவ்வளவு நேரம் வெயிலில் நிற்பீர்கள் என்று நான் நம்பவில்லை. ஆகவேதான் கடிதம். பால் வண்டி ஓட்டுகிற ஜோஸ் தினமும் ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டு உங்கள் ஊருக்குத்தானே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதை நாகம்மாவிடம் காட்ட வேண்டாம். ஆனால் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நீங்கள் நிஜமாகவே ஒரு தடவை தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் நல்லது.

நாகம்மா உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் எனக்குப் பயம். கத்தினால் பதிலுக்குக் கத்தி முடித்துக்கொள்ளலாம். அவள் வாயை மூடிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான், மச்சான். அவள் திரும்பி வர வேண்டும். நீங்கள் பெரியவர், நீங்கள் சொன்னால் கேட்பாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், திட்டிவிட்டு அவளை அனுப்புங்கள்.

எல்லாம் உங்கள் மருமகளின் நர்சரியில் ஆரம்பித்தது. அக்டோபரில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அங்கே வரிசையாகப் பூத்திருந்த பெட்டூனியாவைப் பார்த்து நாகம்மா சொக்கிப்போனாள். வாசலில் மூன்று படி, படிக்கு இரண்டு தொட்டி, மொத்தம் ஆறு. அவ்வளவுதான் அவள் ஆசை. உங்கள் மருமகள் ஒரு பொட்டலம் விதை கொடுத்தது. பெட்டூனியா விதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடுகை நூறாக உடைத்தால் ஒரு துண்டு எப்படி இருக்குமோ அப்படி, ஒரு தும்மலில் முழுத் தோட்டமும் போய்விடும். சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம், அது மூடினபிறகு மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய் வந்து காவல் வேலையில் இன்னொரு இருபது வருடம், அப்புறம் டிவி ரிமோட்டுடன் இரண்டு வருடம் என்று உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. "இதெல்லாம் முறைப்படி செய்யற வேலை, குடு" என்று வாங்கினேன். தொட்டிகளில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து, விதையைப் போட்டு, மண்ணை மூடி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினேன். பூமியில் மதிப்புள்ளது எதுவானாலும் ஆழத்தில்தான் கிடக்கும் என்று பழகினவன் நான். இருபது நாள் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தோண்டிப் பார்த்தேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. விதை போலி என்று உங்கள் மருமகளைப் பற்றி நான்கு வார்த்தை பேசினேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு நாகம்மா சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஈர மண்ணுக்கு மேலே பச்சைப் புள்ளி புள்ளியாக நாற்று. "பாதிப் பொட்டலம்தான் உங்களுக்குக் குடுத்தேன். அது உள்ள பொதைக்கற வெதை இல்லியாம். மேல தூவி லேசா அமுக்கினா போதுமாம். மொளைக்கறதுக்கு வெளிச்சம் வேணுமாம் அதுக்கு" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே" என்றாள். அந்த இடத்திலேயே நான் பொறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டு ரிமோட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. நாற்று வரைக்கும் உன் வேலை, இனிமேல் என் வேலை என்று சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டது ஆறு. நான் நர்சரிக்காரர்கள் வைத்திருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் பன்னிரண்டு செடி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தகர டப்பாவை வெட்டி நம்பர் அடித்து டோக்கன் மாட்டினேன். கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து டோக்கன் போர்டும் வைத்தேன். "செடிக்கு எதுக்குங்க டோக்கனு?" என்றாள் நாகம்மா. யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று தெரியாமல் எந்த வேலையும் ஓடாது என்று விளக்கினேன். "செடி எங்கங்க போவப்போவுது?" என்றாள். அது நியாயமான கேள்விதான், ஆனால் சீக்கிரத்திலேயே செடிகள் தினமும் போய் வர ஆரம்பித்துவிட்டன. எப்படி என்றால், எங்கள் பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பிவிட்டதால் கீழே முற்றத்தில் வெயில் இல்லை. பெட்டூனியாவுக்கு ஐந்தாறு மணி நேரம் நல்ல வெயில் வேண்டும். வெயில் மொட்டை மாடியில் இருக்கிறது. ஆனால் மொட்டை மாடியில் சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, போன வருடம் தளம் ஒழுகி, காரை பெயர்ந்து சாம்பாரில் விழுந்ததிலிருந்து நாகம்மா போட்ட சட்டம் அது. ஆக, வெயில் மேலே, தண்ணீர் கீழே. காலையில் பன்னிரண்டு செடியை மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் கீழே கொண்டுவந்து தண்ணீர் விட வேண்டும். நான்கு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன.

நீங்கள் நிலத்துக்கு மேலேயே பிழைத்தவர், அதனால் சொல்கிறேன். சுரங்கத்தில் கேஜ் என்று ஒரு இரும்புக் கூண்டு உண்டு. ஆளும் கல்லும் அதில்தான் இறங்கும், ஏறும். கீழே இருக்கிறவன் மணி அடிப்பான், மேலே இன்ஜின் ஓட்டுகிறவன் மணியைக் கேட்டுக் கூண்டை ஏற்றுவான் இறக்குவான். ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆளை இறக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தின கை நம் கிளாரன்ஸுடையது. அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. என் யோசனையைச் சொன்னதும் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து எங்கள் முற்றத்தில் உட்கார்ந்தவர் ஒரு வாரம் வீட்டுக்குச் சாப்பிட மட்டும்தான் போனார். பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்துக்கு நான்கு மூலையிலும் கயிறு கட்டினோம். கிணற்று ராட்டினம் ஒன்றை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே மாட்டினோம். சுற்றுவதற்குக் கரும்பு ஜூஸ் மெஷினின் பழைய சக்கரம் காயலான் கடையில் கிடைத்தது. பிரேக்குக்கு ஒரு கட்டை. கீழே ஒரு பித்தளை மணி. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் ஏற்று, மூன்று அடித்தால் இறக்கு. மேலே சக்கரத்தில் நான், கீழே மணியில் நாகம்மா. "நான் அண்ணாந்து பார்த்து எறக்குங்கன்னு சொன்னா உங்களுக்குக் கேக்காதா?" என்றாள். "கேக்கும். ஆனா வாயால சொன்னா எடுத்துக்கக் கூடாது, மணிதான் சட்டம்" என்றேன். கிளாரன்ஸ் தலையை ஆட்டினார். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான், அது ஓடிச்சு பாருங்க! முதல் நாள் பன்னிரண்டு செடியும் ஆடாமல் அசையாமல் மேலே வந்து சேர்ந்தபோது கிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலை எட்டு மணிக்கு ஏற்றம், சாயங்காலம் நான்கு மணிக்கு இறக்கம், ஒரு நாள் தவறியதில்லை. ஜனவரி பிறந்ததும் பூக்க ஆரம்பித்தது. வெள்ளை, ரோஸ், ஊதா, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது என்று புனல் புனலாக வாயைத் திறந்துகொண்டு செடி முழுக்கப் பூ, கீழே தொங்கித் தொங்கி இலையே தெரியவில்லை. நாகம்மா தினம் ஒரு ஊதாப் பூவைப் புத்தர் படத்துக்கு முன்னால் வைப்பாள். சாயங்காலம் நான்கு மணிக்குத் தெருவே வந்து நிற்கும். கீரைக்காரம்மா தன் நேரத்தையே எங்கள் இறக்கத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார். எதிர்வீட்டு மமதா மேடம், ரிட்டயர் ஆன கன்னட டீச்சர், தினமும் போட்டோ எடுப்பார். எல்லோரும் யாருடைய செடி என்று கேட்பார்கள். நான் மாடியிலிருந்து "என் செடி" என்று சொல்லுவேன். கீழே நாகம்மா நின்றிருப்பாள். அப்போது எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை, இந்த ஐந்து நாளில்தான் தோன்றுகிறது.

இனி விபத்து. போன புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணி. நான் மேலே பன்னிரண்டு செடியையும் கேஜில் ஏற்றி, சுவருக்கு வெளியே தள்ளி, பிரேக் போட்டு, மணிக்குக் காத்திருக்கிறேன். கீழே மமதா மேடம் ஒரு கிளை கேட்க வந்தவர், சரியாகக் கேஜுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கேஜின் அடியில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. நாகம்மா பின்பக்கம் திரும்பிக் குழாயில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அப்போது மணி சத்தம், டிங் டிங் டிங். மூன்று. நான் பிரேக்கை எடுத்துவிட்டேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே விட்டேன், தெருவில் கூட்டம் இருந்தது. நாகம்மா திரும்பிப் பார்த்து "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள். வாயால் சொன்னால் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து மணியை ஒரு தடவை அடித்தாள். ஒன்று என்றால் நிறுத்து. நிறுத்தினேன். வேகமாக வந்த கட்டில் பாதியில் டக்கென்று நின்றால் என்ன செய்யும்? ஒருபக்கமாகச் சாய்ந்தது. மூன்றாம் நம்பர், ஏழாம் நம்பர், பதினோராம் நம்பர் மூன்றும் சறுக்கிக்கொண்டு போய் மமதா மேடத்தின் மேல் இறங்கின. பிளாஸ்டிக் பையும் தேங்காய் நார்த் தூளும்தான் என்பதால் காயம் எதுவும் இல்லை. மண் சட்டியாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். தோளிலும் தலையிலும் தூளும், ஒரு காதுக்கு மேலே வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட பூவுமாக நின்ற மமதா மேடம், "ஏன்றீ இது! பூ கேட்டா மண்ணு போடறீங்களே!" என்றார். தெரு சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது.

நான் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு, நாகம்மாவிடம் இரண்டு வார்த்தை சமாதானமாகப் பேசியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. நான் என்கொயரி வைத்தேன். சுரங்கத்தில் எந்த விபத்து நடந்தாலும் மறுநாள் என்கொயரி உண்டு. வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் நானும் கிளாரன்ஸும் ஒருபக்கம், நாகம்மா எதிர்ப்பக்கம். "மூணு மணி அடிச்சது யாரு?" என்றேன். "நான் இல்ல" என்றாள். "கீழ வேற யாரு இருந்தாங்க?" "மமதா மேடம்." "அவங்க அடிச்சாங்களா?" "இல்ல." "அப்ப மணி தானா அடிச்சுதா?" "அத நீங்கதான் கண்டுபுடிக்கணும், என்கொயரி உங்களுது" என்று சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் காபி போட எழுந்து போனாள். 'சாட்சி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலம் எங்கள் மகள் நிலாவின் பழைய காலேஜ் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துச் சார்ஜ் ஷீட் எழுதினேன். 'திருமதி நாகம்மா, கீழ்நிலை மணிப் பொறுப்பாளர் ஆகிய நீர், பணி நேரத்தில் தவறான மணி கொடுத்து விபத்துக்குக் காரணமானதாகத் தெரியவருகிறது. உம்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டியது.' அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வேலையில் இருந்தபோது மூன்று தடவை வாங்கினவன், வாழ்நாளில் ஒன்றாவது கொடுக்கலாமே என்று இருந்தது. கிளாரன்ஸ் மட்டும் "வேணாம் மேன், இது ஒய்ஃப்" என்றார். நான் கேட்கவில்லை.

அவள் நின்றுகொண்டே படித்தாள். நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க வழக்கம்போல வேலை செய்தாள், குழம்பில் உப்பு சரியாக இருந்தது, எட்டு மணிக்கும் நான்கு மணிக்கும் மணி சரியாக அடித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை காலை நான் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. டோக்கன் போர்டில் கடைசி ஆணியில் வீட்டுச் சாவி தொங்குகிறது. சுரங்கத்தைவிட்டு வெளியே வருகிறவன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் போவான். அவள் நான் சொல்லிக்கொடுத்த முறைப்படியே வெளியே போயிருக்கிறாள். அந்தச் சாவியை இன்னும் நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை உண்மை தெரிந்தது. நான்கு மணிக்கு நான் தனியாக மாடியில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே யார் மணி அடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். டிங் டிங் டிங். என் கை பிரேக்கைத் தானாக எடுத்துவிட்டது. கேஜ் பாதி இறங்கின பிறகுதான் கீழே ஆளே இல்லை என்பது உறைத்தது. எட்டிப் பார்த்தால் தெருவில் குல்ஃபி வண்டி. வெயில் ஏறிவிட்டதால் இந்த வருடத்துக்குக் குல்ஃபிக்காரர் வண்டியை எடுத்த முதல் நாள் எது தெரியுமா? போன புதன்கிழமைதான். நானே இறங்கிப் போய் விசாரித்தேன். மூன்று மூன்றாகத்தான் அடிப்பாராம். நான் கையில் ஒரு குல்ஃபியோடு கேஜுக்குக் கீழே நின்றேன், மச்சான், வெட்கமாக இருந்தது. மணியை ஒழுங்காக அடித்தவள் மேல் குற்றம் சாட்டி, மணியைத் தப்பாகக் கேட்டவன் என்கொயரி நடத்தியிருக்கிறேன்.

இப்போது இங்கே நிலவரம் என்னவென்றால், நான் மேலே பிரேக்கை எடுத்துக் கேஜைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கீழே ஓடிவந்து பார்த்துவிட்டு, மறுபடி மேலே ஓடுகிறேன். ஒரு இறக்கத்துக்கு ஆறு தடவை மாடிப்படி. மணிக்குக் கிளாரன்ஸை உட்கார வைத்துப் பார்த்தேன், மூன்றாவது நிமிடம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். இவ்வளவுக்கும் பூ குறைந்துகொண்டே வருகிறது. நேற்று மமதா மேடம் வந்து பார்த்துவிட்டு, "நாகம்மா தினா வாடின பூ எல்லாம் கிள்ளித் தெகீதிருந்தாங்களே, நீங்க கிள்ளலியா?" என்றார். வாடின பூவைக் காம்போடு கிள்ளி எடுக்காவிட்டால் செடி விதை கட்டுகிற வேலைக்குப் போய்விடுமாம், புதுப் பூ விடாதாம். அவள் தினமும் தண்ணீர் ஊற்றும்போது பன்னிரண்டு செடியையும் சுற்றி வந்து கிள்ளியிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் மாடியில் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன். கேஜால்தான் இவ்வளவு பூக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை உட்கார்ந்து கிள்ளிப் பார்த்தேன். இலையெல்லாம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொள்கிறது, இந்தக் கடிதத்தின் மூலையில் இருக்கிற பச்சைக் கறை அதுதான். வாடினது எது, இனிமேல் விரியப்போகிற மொட்டு எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி மொட்டைக் கிள்ளிவிட்டேன்.

ஆகவே கீழ்க்கண்டபடி முடிவு செய்திருக்கிறேன் என்று நாகம்மாவிடம் சொல்லவும். சார்ஜ் ஷீட் ரத்து. தப்பு முழுக்க என்னுடையது. கேஜை நாளைக் காலையிலேயே கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறேன், கிளாரன்ஸிடம் சொல்லியாகிவிட்டது, அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல செடி ஆறை எடுத்து, அவள் முதலில் கேட்டபடி படிக்கு இரண்டாக வாசலில் வைத்துவிடுகிறேன். அங்கே காலையில் கொஞ்சம் வெயில் வருகிறது, பூக்கிறவரை பூக்கட்டும். இனிமேல் யார் கேட்டாலும் நாகம்மாவின் செடி என்றுதான் சொல்லுவேன். வீட்டில் மணி, டோக்கன், என்கொயரி எதுவும் இருக்காது. ரஸ்க்கும் காபியுமாக ஐந்து நாள் ஓட்டிவிட்டேன், இதையும் சொல்லவும். ஆனால் பரிதாபத்துக்காகச் சொன்னதாகத் தெரியக் கூடாது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு அன்பையும், விதை விஷயத்தில் உங்கள் மருமகளுக்குத் தனியாக ஒரு மன்னிப்பையும் சேர்க்கவும். எல்லா உயிரும் சுகமாக இருக்கட்டும். அதில் ஒரு உயிர் சீக்கிரம் ஆண்டர்சன்பேட்டை பஸ்ஸில் ஏறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
சித்தார்த்தன்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதில் எதையும் செய்ய வேண்டாம். ஐந்து மணிக்கு ஜோஸ் வண்டி வந்து நின்றது. கடிதத்தை நீட்டிக்கொண்டு ஓடினேன். வண்டியின் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நாகம்மா இறங்கினாள். பின்னால் பால் கேன்களுக்கு நடுவே உங்கள் மருமகள் கொடுத்த புதுப் பெட்டூனியா நாற்று இருபத்து நான்கு. உள்ளே வந்து பர்ஸைத் திறந்து ஒரு தாளை என்னிடம் கொடுத்தாள், சார்ஜ் ஷீட்டுக்கு விளக்கம். எழுபத்திரண்டு மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படியே கீழே எழுதுகிறேன்.

'மூன்று மணி நான் அடிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து சுரங்கம் மூடுகிற வரைக்கும் பதினாறு வருடம், நீங்கள் கீழே போன நாளெல்லாம் நான் சங்குச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு சோறு பொங்கினவள். ஷிஃப்ட் சங்கு எது, விபத்துச் சங்கு எது என்று எனக்குத் தெரியும். விபத்துச் சங்கு ஊதின நாளில் நீங்கள் தெரு முனையில் தெரிகிற வரைக்கும் எனக்கு உயிர் இருக்காது. எனக்கு மணி தப்பாது. இப்படிக்கு நாகம்மா.'

படித்துவிட்டு, தப்பு என்னுடையது என்றேன். "தெரியும். ஐஸ்காரன் மணி அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சி. நீங்களா கண்டுபுடிக்கறீங்களான்னு பார்த்தேன்" என்றாள். கேஜை நாளைக்குக் கழற்றிவிடுகிறேன் என்றேன். "இன்னாத்துக்கு? முப்பத்தாறு செடிய உங்க முட்டியா தூக்கும்? கேஜு இருக்கட்டும். மேல நான் நிக்கறேன், கீழ நீங்க நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கிளாரன்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன், சாப்பிட்டுவிட்டாராம். ஆகவே நீங்கள் தங்கையிடம் தூது பேச வேண்டியதில்லை. ஆனாலும் இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் ஜோஸிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கடிதம் எழுதுகிற மும்முரத்தில் நான்கு மணிக்கு விட்டுப்போன இறக்கம், நாங்கள் இடம் மாறி நின்ற முதல் இறக்கம், இப்போதுதான் முடிந்தது. நான் கீழே நின்று மூன்று மணி அடித்தேன். கயிறு அசையவில்லை. அண்ணாந்து பார்த்தால் கேஜின் அடிப்பாகம்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை, சத்தமும் இல்லை. வாடின பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாளாம், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மணியை விட்டுவிட்டு வாயாலேயே "நாகம்மா!" என்று கத்தினேன். "இன்னாங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமில்ல, கீறியான்னு பார்த்தேன்" என்றேன்.